கண்ணாடிக்கடைக்காரரின் நீல டை

என் கணவர் அமரர் ஊர்தி ஓட்டுகிறார். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். பதினேழு வருடமாகப் பார்க்கிறேன், ஒருவரும் மேற்கொண்டு எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வண்டி ஓட்டுவது அவர் வேலையில் பாதிதான் என்று சொல்லியிருப்பேன். மீதிப் பாதி எங்கள் சமையலறையில் நடக்கிறது.

இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கிற அவர் கம்பெனியில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். முதலாளியிலிருந்து பூ அடுக்குகிற பெண் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வண்டியை மட்டுமல்ல, வாழ்க்கையையே அவர் இரண்டாவது கியரில்தான் ஓட்டுகிறார். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். எனக்குக் கால் மணி நேரத்துக்கு ஒரு வாய். ஒருவர் வாயை மூடும்போது அடுத்தவர் படியேறிக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இவர் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் எங்கள் பஸ் போய்விடும். அழுகையும் ஆத்திரமுமாக வரும்.

இந்த டை விவகாரம் ஆரம்பித்தது அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில்.

இறந்தவருக்குப் போட வேண்டிய உடுப்பை வீட்டார்தான் கொண்டுவந்து தருவார்கள். சட்டையும் கோட்டும் கம்பெனியின் சலவைக்குப் போய்ப் பளிச்சென்று திரும்பிவிடும். டைதான் தொல்லை. கோட்டுப் பையில் சுருட்டி வைத்தது, இழுப்பறையின் மூலையில் பெல்ட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது, பிளாஸ்டிக் பையில் அமுக்கித் திணித்தது என்று வந்து சேரும். வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. போனவருடைய அலமாரியை முதல்முறையாகத் திறக்கிற கைக்கு, டையை எப்படி எடுத்து வைப்பது என்றா தோன்றும்?

அப்படி வந்த ஒரு பட்டு டையை, சலவைக்கு அனுப்ப நேரமில்லாமல், இவரே இஸ்திரிப்பெட்டியை நன்றாகச் சூடாக்கி நேராக வைத்துத் தேய்த்துவிட்டார். சுருக்கம் போயிற்று. கூடவே டையும் போயிற்று. மெத்தென்று உருண்டிருந்த ஓரங்கள் கத்தி மாதிரித் தட்டையாகிவிட்டன. நடுவில் எண்ணெய் பட்டது போல ஒரு மினுமினுப்பு. உள்ளே இருந்த தையலின் தடம் முன்பக்கம் வரிவரியாகத் தெரிந்தது. இறந்தவரின் மகன் சவப்பெட்டியருகே நின்று பார்த்துவிட்டு, “எங்க அப்பா டை இப்படி மின்னாதே” என்று மட்டும் சொன்னாராம். சண்டை போடவில்லை, கத்தவில்லை.

“யாருப்பா டையைப் பாக்கறாங்க? மொகத்தத்தான் பாப்பாங்க, விடு” என்று முதலாளி தேற்றியிருக்கிறார். இவருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நாலாவது நாள் நான் வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு டை நீளவாக்கில் பிரிந்து கிடந்தது. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இது நம்ம கல்யாணத்துக்குப் போட்ட டை இல்ல?”

“என் டைதானே.”

“டை உங்களுது. கல்யாணம் ரெண்டு பேருக்கும்தானே!”

அவர் நிமிரவே இல்லை. “இங்க பாரேன். உள்ள கம்பளித் துணி வெச்சிருக்கான். அதுதான் இதுக்கு உடம்பு. அப்புறம் இந்த நூலைப் பாரு. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நூல், வேணும்னே தளர்வா ஓட்டியிருக்கான். இழுத்தா கொடுக்கும், விட்டா திரும்பி வரும். நான் பாட்டுக்கு மேல பெட்டியை வெச்சு அழுத்தினா மூச்சு முட்டிச் சாகாம என்ன செய்யும்?”

கோபப்பட வேண்டிய நானும் குனிந்து அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவராகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். தன்னுடைய டைகளை வேண்டுமென்றே கசக்கிப் போட்டுப் பழகினார். முதலில் சும்மா தொங்கவிட வேண்டும். பாதிச் சுருக்கம் அதிலேயே இறங்கிவிடும். போகாவிட்டால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, ஆவி மண்டியதும் டையை உள்ளே மாட்டிக் கால் மணி நேரம் விட வேண்டும், தண்ணீர் தெறிக்காத தூரத்தில். அதற்கும் மசியாத மடிப்புக்குக் கெட்டில் ஆவி. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் பட்டில் கறை நிற்கும். பிறகு குறுகலான முனையிலிருந்து தளர்வாகச் சுருட்டி வைத்துவிட வேண்டும். இஸ்திரிப்பெட்டி கடைசிப் புகலிடம். அதுவும் மிகக் குறைந்த சூட்டில், நடுவில் பருத்தித் துணி போட்டு, உள்ளே ஓர் அட்டையைச் செருகி, வைத்து வைத்து எடுக்க வேண்டுமே தவிர இழுத்துத் தேய்க்கக் கூடாது. ஓரங்களைத் தொடவே கூடாது.

கெட்டிலால்தான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது.

“செத்தவங்க டையை நான் டீ போடற கெட்டில்ல காட்டறீங்களா?”

“கெட்டில்ல எங்க காட்டறேன்? ஆவியிலதானே காட்டறேன்.”

“செத்தவங்களுக்கு ஆவி போதாதுன்னு நீங்க வேற தனியா காட்டணுமா?”

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டை நழுவி விழப் பார்த்தது. மறுநாள் தனியாக ஒரு கெட்டில் வாங்கி வந்தார். எங்கள் மகள் அதில் ‘அப்பாவுக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டினாள். சண்டை தீர்ந்தது. ஆனால் மனசுக்குள் எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. அவர் டைகளோடு உட்கார்ந்தால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். போன வருடம் வரை ஒரு டையைக்கூட நான் கையால் தொட்டதில்லை. அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் ஒரு செருப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அதை மேசைமேல் வைத்துவிட்டு, திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“கண்ணாடிக்கடைக்காரர் தவறிட்டார். பெரிய தெருவுல, கண்ணு டெஸ்ட் பண்ணிக் கண்ணாடி போட்டுக் கொடுப்பாரே.”

எனக்குத் தெரியும். என் முதல் மூக்குக்கண்ணாடி அவர் கொடுத்ததுதான். நாற்பது வருடம் அந்தக் கடையில் நின்றவர், ஒரு நாளும் டை இல்லாமல் நின்றதில்லை. நாலு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கடையைப் பூட்டினார். அதன் பிறகு வெளியே யாரும் பார்க்கவில்லை.

“அந்தம்மாவே வந்து கொடுத்தாங்க” என்று பெட்டியைத் திறந்தார்.

உள்ளே கருநீலத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி போட்ட பட்டு டை. எங்கும் கசங்கல். பெட்டிக்குள் நாலாக மடங்கிக் கிடந்ததில் குறுக்குமறுக்காக மடிப்பு விழுந்திருந்தது. ஆனால் முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. கழுத்திலிருந்து வளையத்தைத் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றிய டை, கழற்றியபடியே இருந்தது.

“முடிச்சு அவர் போட்டதாம்” என்றார் இவர். “கை விழறதுக்கு முந்தின நாள் கடைக்குப் போட்டுட்டுப் போனது. ராத்திரி கழட்டி மாட்டினார், காலையில கை வரல. அந்தம்மா எடுத்து அப்படியே பெட்டியில வெச்சிட்டாங்க. நாலு வருஷமா யாரும் தொடல. ‘தம்பி, சுருக்கம் மட்டும் போனா போதும். முடிச்சை அவுத்துடாதீங்க. அந்தக் கை கடைசியா போட்டது அது’ன்னாங்க.”

“அதனால என்ன? கீழ மட்டும் ஆவி காட்டிடுங்களேன்.”

“பட்டுக்கு ஆவி பட்டா இளகும். இளகினாத்தான் சுருக்கம் போகும். முடிச்சும் சேர்ந்து இளகிட்டா? தொங்கவிட்டா அதோட வெயிட்டே அதை இழுத்துடும். சுருட்டவும் முடியாது.”

அடக்கம் மறுநாள் பதினோரு மணிக்கு. முதலாளியிடம் கேட்டதற்கு, அவிழ்த்துத் தேய்த்து மறுபடி கட்டிவிடு, யாருக்குத் தெரியும் என்றிருக்கிறார். இவர் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கத் தயங்குகிறார் என்று புரிந்தது. இத்தனை வருடம் அடுத்த அறைக்குப் போனவளிடம் என்ன கேட்பார்?

“நான் என்ன பண்ணணும்?” என்றேன்.

அவர் முடிச்சை ஒரு காய்ந்த கைக்குட்டையால் மூன்று சுற்று சுற்றினார். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று, ஈரம் ஏறாதிருக்க. பிறகு அதை என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்தார்.

“இறுக்கினா நசுங்கும். விட்டா இறங்கும். அவிச்ச முட்டை இல்ல, பச்சை முட்டைன்னு நெனச்சுக்கோ.”

நான் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மார்பு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டேன். டையின் கீழ்ப்பகுதி மேசைமேல் விரித்த துண்டில் தளர்வாகக் கிடந்தது, பாரம் எதுவும் முடிச்சை இழுக்காதபடி. முதலில் குறுகலான வால் முனையின் பின்பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஆவியைக் கொஞ்சம் காட்டிச் சோதித்துப் பார்த்தார். சாயம் ஓடவில்லை, புள்ளி மங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அகலமான முனைக்கு வந்தார். நாலு விரல் அகலம் அகலமாக எடுத்துக்கொண்டார். உள்ளே அட்டையைச் செருகுவார். கெட்டிலின் மூக்கைத் தள்ளிப் பிடித்து ஆவியை மேலே தடவிவிடுவார். கெட்டிலை வைத்துவிட்டு, உள்ளங்கையால் துணியை அதன் போக்கிலேயே நீவிவிடுவார். சூடு ஆறும்வரை காத்திருப்பார். பிறகு அடுத்த நாலு விரல்.

அவர் காத்திருப்பதை அன்றைக்குத்தான் நான் கிட்ட இருந்து பார்த்தேன். சும்மா நிற்பதில்லை அவர். புறங்கையை டைக்கு மேலே, தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, சூடு இறங்குவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு காலம் நான் மந்தம் என்று நினைத்தது கவனம் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

என் போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்துதான், வேறு யார்? அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் அசையவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மூக்கில் வேறு அரித்தது.

“மூக்கு அரிக்குதுங்க.”

அவர் மிகவும் சீரியஸாகத் துண்டின் நுனியால் என் மூக்கைத் தேய்த்துவிட்டுத் திரும்பவும் வேலையில் குனிந்தார்.

ஒரு மணி நேரம் போனபோது டை முக்கால்வாசி புதிதாகியிருந்தது. ஓரங்கள் உருண்டபடியே இருந்தன. முடிச்சுக்குக் கீழே இரண்டு விரல் இடம்தான் பாக்கி. கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்தோம். முடிச்சு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே நெடுக்காக ஒரு மடிப்பு ஓடியது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு மடிப்பு.

“இந்த ரெண்டும் போச்சுன்னா முடிஞ்சுது” என்றேன்.

அவர் கெட்டிலைக் கிட்டே கொண்டுவந்தார். சட்டென்று நிறுத்தினார். கீழே வைத்துவிட்டு உள்ளே போய்த் தன் டை ஒன்றை எடுத்துவந்து, கண்ணாடி முன் நின்று கட்டினார். கட்டி, முடிச்சுக்குக் கீழே ஆள்காட்டி விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். அங்கே குழி மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. அதைப் பார்த்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“நெடுக்க இருக்கறது சுருக்கம் இல்ல” என்றார் மெதுவாக. “அவர் விரலால அழுத்தி விட்ட குழி. பாரு, எனக்கு நடுவுல விழுது. அவருக்குக் கொஞ்சம் இடது பக்கம் போயிருக்கு. அது அவரோட கை.”

ஒரு நொடி தவறியிருந்தால் அதை நாங்களே நீவி அழித்திருப்போம்.

ஆனால் குறுக்கு மடிப்பு பெட்டியால் வந்தது. அது போக வேண்டும், குழி இருக்க வேண்டும். ஆவியைக் காட்டினால் இரண்டும் சேர்ந்து போகும். இஸ்திரிப்பெட்டி அந்த இடத்துக்கு மிகப் பெரிது. அவர் சமையலறையில் நின்றபடி சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கரண்டித் தட்டிலிருந்து ஒரு டீஸ்பூனை எடுத்து வெந்நீரில் போட்டார். அதைத் துடைத்துக் காயவைத்து, அதன் முதுகைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். டையின்மேல் மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, குழிக்கு அந்தப்பக்கம் ஓர் ஒற்று, இந்தப்பக்கம் ஓர் ஒற்று. எடுத்தார். மறுபடி வெந்நீர், மறுபடி கன்னம். நான் எண்ணினேன், பதினோரு முறை. பதினோராவது முறை துணியை எடுத்தபோது குறுக்கே இருந்த கோடு மறைந்துபோயிருந்தது. குழி இருந்த இடத்திலேயே, கொஞ்சம் இடது பக்கமாக, இருந்தது.

அவர் கன்னத்தில் ஸ்பூன் பட்ட இடம் சிவந்திருந்தது.

மறுநாள் நான் அரைநாள் லீவு கேட்டேன். “பல் வலியா?” என்று கேட்டார் டாக்டர். கணவர் வேலை செய்வதைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவருக்கும் பேச்சை மாற்றத்தான் தோன்றியது.

அஞ்சலிக் கூடத்தில் கடைசி வரிசையில் நின்றேன். கூட்டம் அதிகமில்லை. முக்கால்வாசிப் பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். எல்லாம் அவர் கொடுத்ததாகத்தான் இருக்கும். என் கணவர் சுவரோரமாக, கைகளைக் கோத்துக்கொண்டு, இருப்பது தெரியாமல் நின்றார். டையைப் போட்டுவிட்டதும் அவர்தான். ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க, வளையத்தை மெல்ல நுழைத்து, வாலை மட்டும் இழுத்து முடிச்சைக் காலருக்கு ஏற்றியிருக்கிறார்.

கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி பெட்டியருகே வந்தார். மெலிந்த உருவம், நிமிர்ந்த நடை. வந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் டையைத்தான் பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டி, முடிச்சுக்குக் கீழே அந்தக் குழியில் வைத்தார்.

“இடது பக்கம்” என்றார்.

பக்கத்தில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. அவர் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். “எப்பவும் இடது பக்கம்தான் போகும் தம்பி. நாப்பது வருஷம் கிண்டல் பண்ணியிருக்கேன். ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கற மனுஷனுக்கு நடு எங்கன்னு தெரியலையேன்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். உண்மையான சிரிப்பு, கூடம் முழுக்கக் கேட்டது. அந்தச் சிரிப்பு போகிற போக்கிலேயே அழுகையாக மாறியது. அதுவரை அவர் அழவே இல்லை என்று யாரோ பின்னால் சொன்னார்கள். என் கணவர் நகரவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அந்த அம்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பின்னால் போட்டார்.

அந்த அம்மா கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார்: “எப்படித் தம்பி, குழி கலையாம?”

“நான் மட்டும் செய்யலைம்மா. முடிச்சை இவங்கதான் பிடிச்சுட்டிருந்தாங்க” என்று என்னைக் காட்டினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்த அம்மா என்னிடம் வந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. “கை வலிச்சிருக்குமேம்மா” என்றார். “இல்லைங்க” என்று பொய் சொன்னேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின், வெறும் வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். முதல்முறை. உள்ளே சுத்தமாக இருந்தது, மெழுகு வாசம் வந்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தெரிஞ்சவங்க யாராவது பாத்தா என்னங்க நெனப்பாங்க?”

“பரவால்ல, முன்சீட்லதான் உக்காந்திருக்கான்னு நெனப்பாங்க.”

நான் சிரித்து முடிப்பதற்குள் சிக்னலே மாறிவிட்டது. அந்தப் பெரிய கறுப்பு வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல் கிளம்பியது. ஸ்டியரிங்கில் இருந்த அவர் கைகளைப் பார்த்தேன். ஆவி பட்டுப்பட்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இதை எப்போதாவது சொல்ல வேண்டும், இப்போது விட்டால் மறுபடி எப்போதோ என்று தோன்றியது.

“நீங்க பெரிய ஆளுங்க” என்றேன்.

அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்தது.

“சீட் பெல்ட்டைப் போடு” என்றார்.